அக்காவின் ஏழு புள்ளிக் கோலம்

கொஞ்ச நாளாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு என்ன என்று இரண்டு நண்பர்கள் போன் செய்து கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கோலத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

கோலம் போடுவார்கள், வெட்டுவார்களா என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். மாமா காலமான பிறகு உறையூரில் எங்களோடுதான் இருக்கிறாள். அவளிடம் ஒரு கோல நோட்டு உண்டு. 1966-இல், எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது ஆரம்பித்த கோடு போட்ட நோட்டு. அட்டை போய், காலண்டர் தாளில் அட்டை போட்டு, அதுவும் போய், இப்போது ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருக்கிறது. அம்மா சொல்லித் தந்தது, பத்திரிகையில் வந்தது, கல்யாணத்துக்குப் போன ஊரில் யார் வீட்டு வாசலிலோ பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வந்து போட்டது என்று எல்லாம் அதில் உண்டு. அதிகமும் சிக்குக் கோலங்கள். புள்ளியைத் தொடாமல் புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கம்பிக் கோலம்.

2022 ஆகஸ்டில் அக்காவுக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னார். வலது கை சும்மா இருக்கும்போது ஆடும். மாத்திரையில் ஆட்டம் ஓரளவு அடங்கியது. ஆனால் விரலிடுக்கில் மாவு நிற்கவில்லை. ஒரு இடத்தில் குவியலாகக் கொட்டும், அடுத்த இடத்தில் ஒன்றுமே விழாது. அந்த மார்கழியில் பத்து நாள் முயன்றாள். பதினோராம் நாள் கோல டப்பாவை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மனைவி போடுவாள், அக்கா பார்ப்பாள். "அண்ணி மாதிரி எனக்கு வராது" என்று மனைவி சொல்வாள். "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்பாள் அக்கா. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சென்னையில் கட்டடக் கலை படிக்கும் பேத்தி லீவில் வந்தவள்தான் ஆரம்பித்து வைத்தாள். "தாத்தா, பாட்டி நோட்டுல இருக்கறதை கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். லேசர்ல வெட்டித் தகடு பண்ணிட்டா, தகட்டை வச்சு மாவைத் தூவினா போதும்." என் பழைய லேப்டாப்பில் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளை இறக்கிக் கொடுத்தாள். 2003-இலிருந்து இருக்கிறதாம். காசு கிடையாது, சந்தா கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். தொலைபேசித் துறையில் 36 வருடம் கேபிள் வரைபடங்களோடு குப்பை கொட்டியவனுக்கு இது பெரிய விஷயமா என்ற நினைப்பு எனக்கு.

இந்த மென்பொருள் என்ன செய்கிறது என்பதைக் கோலம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். வாசலில் போட்ட கோலத்தைப் போட்டோ எடுத்தால் அது ஒரு படம். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகக் கலங்கும். பழைய பத்திரிகைகளில் கோலத்துக்குக் கீழே, "15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள், நினைவிருக்கிறதா? அது படமில்லை, செய்முறை. அதை வைத்துக் கட்டைவிரல் அளவிலும் போடலாம், கோயில் பிராகாரம் அளவிலும் போடலாம். இங்க்ஸ்கேப் எழுதும் எஸ்.வி.ஜி. கோப்பும் அப்படித்தான். இந்தப் புள்ளியில் தொடங்கு, இவ்வளவு வளை, அங்கே முடி என்று கணக்காக எழுதி வைத்திருக்கும். வெட்டும் இயந்திரத்துக்கு அந்தக் கணக்குத்தான் வேண்டும், படம் அதற்குப் புரியாது.

(கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவர் துணைவியார் ராணி சிரோமணியும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியவர்கள். அது பெரிய கணிதம். என் கதை அவ்வளவு தூரம் போகாது.)

முதலில் எடுத்துக்கொண்டது ஏழு புள்ளிக் கோலம். நேர்ப்புள்ளி, 7-இலிருந்து 1 வரை. மொத்தம் 25 புள்ளி, ஒரே கம்பி. அம்மா போட்டது. அக்கா வெள்ளிக்கிழமைகளில் போடுவது. நோட்டுப் பக்கத்தைப் போனில் படமெடுத்து உள்ளே போட்டு, படத்தைக் கோடாக்கும் கட்டளையை அழுத்தினேன். இரண்டு விநாடியில் கோலம் வந்துவிட்டது. அடடா என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் கோட்டைப் பிடிக்கவில்லை. கோட்டின் இரண்டு கரைகளைப் பிடித்திருந்தது. காவிரி எங்கே என்று கேட்டால் வடகரையையும் தென்கரையையும் காட்டுகிற மாதிரி. அக்காவின் பேனா எங்கே அழுந்தியதோ அங்கே ஆறு அகலம், எங்கே மை தீர்ந்ததோ அங்கே வறட்சி. நோட்டின் நீலக் கோடும், பின்பக்கத்திலிருந்து ஊறிய மையும்கூடக் கோலத்தில் சேர்ந்திருந்தன. அந்தச் சின்னக் கோலத்தில் கணுக்கள் மட்டும் 2,000-க்கு மேல். கணு என்றால் கோடு திசை மாறும் இடம். இத்தனை கணு இருந்தால் இயந்திரம் ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கிப் போகும், ஓரம் கருகும். எளிமையாக்கு என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை நாலு தடவை அழுத்தினேன். கோலம் எளிமையாகவில்லை, ஜாங்கிரி ஆயிற்று.

நடுக்கோட்டை மட்டும் பிடிக்கும் வழியும் புதிய பதிப்பில் உண்டு. அது சாதாரணப் படத்துக்குச் சரி. சிக்குக் கோலத்தில் அடிக்கு அடி கம்பி கம்பியை வெட்டிப் போகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் அது குழம்பி, நேராகப் போக வேண்டிய கம்பியைச் சற்றே ஒடித்துவிட்டது. இருபது இடத்தில் ஒடிந்த கோலத்தைச் சரிசெய்வதற்குப் புதிதாகவே வரையலாம்.

அதைத்தான் செய்தேன். முதலில் 7-க்கு 7 என்று 49 புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்து, நோட்டைப் பார்த்து வேண்டாத புள்ளிகளை அழித்தேன். பிறகு பேனாக் கருவியை எடுத்துப் புள்ளிகளுக்கு நடுவே கம்பியை விட்டேன். மூன்றாவது வளைவிலேயே தொலைந்து போனேன். எங்கே வந்தேன், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? நோட்டில் கோலம் முடிந்த நிலையில் இருக்கிறது. போட்ட வழி அதில் இல்லை.

அக்காவிடம் கேட்டேன். "எங்க ஆரம்பிப்பே?"

"அதெல்லாம் யாருக்குடா தெரியும்? கை போகும்."

சாப்பாட்டு மேஜையில் 25 கடலைப்பருப்பை வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆடும் விரலை நடுப்பருப்புக்குக் கீழே வைத்தாள். வைத்ததும் விரல் போயிற்று. நிற்கவில்லை, யோசிக்கவில்லை. நான் பின்னாலேயே ஒரு பேப்பரில் அம்புக்குறி போட்டுக்கொண்டு போனேன். ஒரு சுற்று முடிந்து விரல் நடுப்பருப்புக்கே வந்தபோது அவளே சிரித்துவிட்டாள். இத்தனை வருடம் அந்தக் கோலத்தைத் தாண்டித் தாண்டி ஆபீஸ் போயிருக்கிறேன். அது ஒரே கம்பி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த அம்புக்குறியைப் பார்த்து வரைந்ததில் 60 கணுவுக்குள் கோலம் முடிந்தது.

கம்பிக்கு 4 மில்லிமீட்டர் அகலம் கொடுத்துக் கடைக்கு அனுப்பினேன். இங்கே ஒரு பாடம், செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். 300 மி.மீ. என்று நான் அனுப்பிய சதுரம் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் 400 மி.மீ. ஆகத் திறந்தது. இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 96 அலகு என்று எண்ணுகிறது, அங்கே 72 என்று எண்ணியது, அவ்வளவுதான். அன்று முதல் ஒவ்வொரு கோப்பிலும் ஓரமாக 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து விடுகிறேன். கடைக்காரர் அதை அளந்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடுவார். இன்னொன்று: வீட்டில் கிடக்கிறதே என்று பி.வி.சி. ஷீட்டை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். லேசரில் அது எரிந்தால் குளோரின் சேர்ந்த நச்சுப் புகை வரும். கடைத் தம்பி அதைத் தொடவே மாட்டேன் என்றார், சரிதான். அக்ரிலிக் வாங்கிக்கொண்டோம், 2 மி.மீ. கனம்.

வெட்டி முடித்துத் தகட்டை எடுத்தார். எடுத்ததும் நடுப்பகுதி முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்தது. "சார், இது ஜன்னல் மாதிரி இருக்கே" என்றார்.

எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. சிக்குக் கோலத்தின் கம்பி தன்னைத் தானே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு தீவு. கம்பியை வெட்டினால் தீவுகளைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உதிர்ந்த துண்டுகளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். பேரன் அவற்றை இன்னும் வைத்து விளையாடுகிறான்.

அடுத்து, தீவுக்குத் தீவு பாலம் விட்டேன். கம்பியில் ஆங்காங்கே 3 மி.மீ. வெட்டாமல் விடுவது. அரிசி மூட்டையில் பெயர் அடிக்கும் தகர எழுத்துகளில் பார்த்திருப்பீர்களே, எழுத்து நடுநடுவே விட்டுப் போயிருக்கும், அது இதற்காகத்தான். தகடு உதிரவில்லை. மாவைத் தூவி எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கம்பி அறுந்திருக்கேடா."

"அறுக்காம வெட்ட முடியாதுக்கா."

"அறுந்தா அது சிக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் லேப்டாப்பைத் திறக்கவில்லை. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, சின்னக்கடை வீதியில் பிளாட்பாரத்தில் கோலத் தகடு விற்பதைப் பார்த்தேன். பழைய சமாசாரம், உங்களுக்கும் தெரியும். தகரத்தில் ஊசி ஓட்டைகளாகக் குத்தி, மாவைப் போட்டுத் தேய்த்தால் தாமரையும் மயிலும் விழும். அக்கா அதை அச்சுக் கோலம் என்று கேலி செய்வாள். ஆனால் அந்தத் தகரத்தில் எந்தத் தீவும் உதிரவில்லை! கம்பியை வெட்டாமல் கம்பியின் வழியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு மாதம் பிடித்ததை யாரோ ஒரு தகர வேலைக்காரர் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்துப் பிளாட்பாரத்துக்கு அனுப்பிவிட்டார்.

இங்க்ஸ்கேப்பில் ஒரு சின்ன வட்டத்தைக் கொடுத்து, இந்தக் கோட்டின் வழியே வரிசையாக வை என்றால் வைக்கும். 2 மி.மீ. வட்டம், 4 மி.மீட்டருக்கு ஒன்று. புள்ளிகளுக்கு 5 மி.மீ. ஓட்டை. ஒரு அடிச் சதுரத் தகடு அழகாக வந்தது. கோலப்பொடி தாராளமாக இறங்கியது. அரிசி மாவு சலித்துப் போட்டால்தான் இறங்குகிறது. வாசலில் கம்பி அறாமல் நின்றது.

அக்கா தகட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். பாதியில் விரல் நின்றது.

"ஒரு புள்ளி குறையுது."

"இல்லக்கா, நோட்டைப் பார்த்துத்தானே வச்சேன்."

"எண்ணு."

எண்ணினேன். 24. நோட்டை எடுத்து வந்து பார்த்தோம். அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி அரித்த ஓட்டை. 49 புள்ளியை வைத்து, வேண்டாதது என்று 24-ஐ அழிப்பதற்குப் பதில், பூச்சி தின்றதையும் சேர்த்து 25-ஐ அழித்திருக்கிறேன். கம்பி மட்டும் ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

சரிசெய்துவிடலாம் என்றேன். அவள் வேறு ஏதோ யோசனையில் இருந்தாள். "அது கிடக்கட்டும். இவ்வளவு சின்னதாவாடா நான் போடுவேன்?" என்று கேட்டாள்.

எவ்வளவு பெரிதாகப் போடுவாள்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அளக்க வழி இருந்தது. மார்கழி தோறும் என் மனைவி கோலத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். எல்லாப் படத்திலும் எங்கள் வாசற்படி தெரியும். கருங்கல் படி, 38 அங்குலம். படத்தை இங்க்ஸ்கேப்பில் போட்டுப் படியை 38 அங்குலத்துக்கு இழுத்து நிறுத்தினால், கோலத்தின் உண்மை அளவு தானே வந்துவிடும். ஏழு புள்ளிக் கோலத்தை மட்டும் பொறுக்கி எடுத்தேன்.

2017-இல் முதல் புள்ளிக்கும் ஏழாவது புள்ளிக்கும் நடுவே 24 அங்குலம். அதாவது புள்ளிக்குப் புள்ளி நாலு அங்குலம். 2018-இலும் அப்படியே. 2019-இல் 21. 2020-இல் 18. 2021 மார்கழியில் 13.

கை ஆட ஆரம்பித்தது 2022-இல். டாக்டரிடம் போனது அதற்கும் பிறகு. இந்த நோயில் நடுக்கத்துக்கு முன்னாலேயே சிலருக்குக் கையெழுத்து சிறுத்துப் போகும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அக்கா கடிதம் எழுதுகிறவள் இல்லை. அவள் எழுதியது வாசலில்தான். மூன்று வருடம் தினமும் எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் அது சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. வயதாகிவிட்டது, குனிய முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். நினைத்தோமா என்பதுகூடச் சந்தேகம்தான். 2021 படத்துக்குக் கீழே குழுவில் நான் போட்ட செய்தி இன்னும் இருக்கிறது. "அருமை. இந்த வருஷம் கச்சிதமா இருக்கு." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

அன்றைக்கு அந்த அளவுகளை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அக்காவிடம் இந்த நிமிடம் வரை சொல்லவில்லை. அவள் இதைப் படிக்க மாட்டாள்.

பிசியோதெரபி சொல்லித்தரும் பெண்ணிடம் மட்டும் கேட்டேன். எழுத்து சிறுத்துப் போகிறவர்களுக்குக் கோடு போட்ட தாளைக் கொடுத்தால், கோட்டைப் பார்த்துப் பெரிதாக எழுத வரும், கண்ணுக்கு ஒரு அடையாளம் இருந்தால் கை கேட்கும் என்றார். தரையில் கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லி நடக்கப் பழக்குவதும் இதே கணக்குத்தானாம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், தகட்டைப் பெரிதாக வெட்டட்டுமா என்று கேட்டேன்.

"கம்பி எனக்கு வேண்டாம்டா. கம்பி தெரியும். புள்ளிதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. புள்ளியை மட்டும் வச்சுக் குடு." கொஞ்சம் பொறுத்து, "எல்லாப் புள்ளியும் எதுக்கு? ஒரு வரிசை போதும். நகர்த்திக்கிறேன்" என்றாள்.

அதுதான் கடைசிக் கோப்பு. நீளம் 700 மி.மீ., அகலம் 100 மி.மீ. நடுவில் 100 மி.மீட்டருக்கு ஒன்றாக ஏழு ஓட்டை. அவ்வளவுதான். பட்டையின் அகலமும் புள்ளி இடைவெளியும் ஒன்றே என்பதால், பட்டையை அதன் அகலத்துக்கு ஒருமுறை தள்ளினால் அடுத்த வரிசை தானாகச் சரியான இடத்தில் விழும். இடுக்குப் புள்ளிக்காக ஓரத்தில் பாதி இடைவெளியில் சின்ன வெட்டுக்குறிகளும் வைத்தேன். இந்தப் புத்திசாலித்தனம் மட்டும் என்னுடையது. மற்றபடி இதற்கு லேசரும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். தச்சர் ஒரு ரீப்பரில் ஏழு துளை போட்டுக் கொடுத்திருப்பார். மனைவி அதைச் சொல்லியும் காட்டிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து அக்கா வாசலுக்கு வந்தாள். குனிய முடியாது என்பதால் ஒரு குட்டை முக்காலி. பட்டையை வைத்து ஏழு புள்ளி. தள்ளி வைத்து ஐந்து. இப்படி இருபத்தைந்தையும் வைத்து முடித்தாள். பட்டையை என்னிடம் நீட்டினாள். நடுப்புள்ளிக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள்.

கம்பி நடுங்கியது. சில இடத்தில் தடித்தது, சில இடத்தில் ஒரு நூல்தான். மாவு தீர்ந்து தீர்ந்து கை டப்பாவுக்குப் போய் வந்தது. ஆனால் வளைவு ஒவ்வொன்றும் புள்ளிக்குப் புள்ளி நாலு அங்குலத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து கம்பி எங்கே போகிறது என்று என் அம்புக்குறிப் பேப்பரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தள்ளி நில்லுடா," என்றாள் நிமிராமலே. "நிழல் விழுது."